அண்ணன் கொடுத்த உயிர்

ஜூன் பதினொன்று, திங்கள். எனக்கு இன்றோடு எழுபத்தாறு வயதும் இரண்டு நாளும்.

சின்னவளுக்கு,

நலம். உன் கடிதத்தின் முதல் பாதியைப் படித்தபோது நீயும் நலமாக இருப்பதாகத்தான் தெரிந்தது. பிற்பாதியில், அச்சகத்தை மூடிவிட்டு அடுத்த மாதமே இங்கு வந்து, என் தம்பிக்கு, அதாவது உன் அண்ணனுக்கு, கடைசிவரை சமைத்துப் போடப் போவதாக எழுதியிருக்கிறாய். ஒன்பது வயதில் ஏரியில் மூழ்கிய உன்னை இழுத்துப் போட்டவன் அவன். அண்ணன் கொடுத்த உயிரை அண்ணனுக்கே செலவழித்தால் என்ன குறை என்றும் கேட்டிருக்கிறாய். பதில் எழுதுமுன் அவனை அருகிலிருந்து பார்த்துவிடலாம் என்றுதான், அவன் மகள் ஏரிக்கரையில் இரண்டு நாள் தங்கக் கூப்பிட்டதும் கிளம்பினேன்.

மகளும் மருமகனும் முளையடித்துக் கயிறு கட்ட, தம்பி மடக்கு நாற்காலியில் அமர்ந்து மேற்பார்வை பார்த்தான். கூடாரம் சரிந்ததும், நான் அப்பவே சொன்னேன்ல என்றான். சொல்லவில்லை. எனக்குத் தரையில் பாய். அவனுக்குக் காற்றடைத்த மெத்தை. என் இடுப்பு இன்னும் நேராகவில்லை.

சாப்பாட்டில் குறையில்லை. பக்கத்துத் தோட்டத்துத் தக்காளியில் வெயிலின் சூடு ஆறியிருக்கவில்லை. கடித்தால் சாறு முழங்கை வரை வழிந்தது. காலையில் மீன்காரம்மா கொண்டுவந்த மீன்கள் கூடையில் துள்ளிக்கொண்டிருந்தன. உப்பும் எலுமிச்சையும் தடவிக் கரித்தணலில் சுட்டோம். தம்பி நான்கு தின்றான். பெரியவர் முள்ளையாச்சும் மிச்சம் வைப்பாரா என்று மீன்காரம்மா கேட்டுவிட்டாள். அவன் உடல்நிலையை விசாரித்திருந்தாயே, இதுதான் பதில். நாங்கள் தண்ணீரில் இருந்தபோது ஐந்தாவது மீனை அவனே பதமாகச் சுட்டுக்கொண்டான். மனைவி போனபின் முட்டைகூட வேகவைக்கத் தெரியாமல் தவிக்கிறான் என்று உனக்கு எழுதியது யார்? அவனாகத்தான் இருக்கும்.

நான் காலையும் மாலையும் நீந்தினேன். மாமா, தங்கச்சியக் காப்பாத்தின ஆளு, கரையிலயே உக்காந்திருந்தா எப்படி என்று மருமகன் அழைத்தான். தம்பி முழங்கால் வலி என்று சொல்லி, முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டான். கைக்கெட்டும் தூரத்தில் மிதந்து போன பந்தைக்கூட அவன் எட்டிப் பிடிக்கவில்லை. அக்கா, நீ போயேன் என்றான், யார் காதிலும் விழாத குரலில். போய் எடுத்து வந்தேன். அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று மாலையே, சின்னவ வந்துடுறா, இனிமே எனக்கென்ன கவலை என்று மகளிடம் சொன்னான். அத்தைக்குத் தொழில் இருக்கேப்பா என்றாள் அவள். எழுபது வயசுல என்ன தொழில் என்று கேட்டுவிட்டு, சோளக்கதிரைக் கடித்தான்.

அதுவரை எழுதும் எண்ணம் எனக்கு இல்லை. இப்போது எழுதுகிறேன். அவனுக்கு அன்றும் நீந்தத் தெரியாது, இன்றும் தெரியாது. உன்னை இழுத்து வந்தது நான். பெண்பிள்ளை ஏரியில் இறங்கக்கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. நானோ தினமும் ஒளிந்து நீந்திக்கொண்டிருந்தேன். மயங்கிய உன்னைக் கரையில் போட்டேன். நீ இருமி மூச்சுவிட்டதும் நாணல் மறைவுக்கு ஓடினேன். ஆட்கள் வந்தபோது உன்னருகே அழுதுகொண்டு நின்ற பதினொரு வயதுப் பையன் அவன். காப்பாற்றியவன் அவன்தான் என்று அப்பா அவனைத் தோளில் தூக்கிக்கொண்டார். இறக்கிவிடச் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. எனக்கு ஏரி மிஞ்சியது. அந்த ஏற்பாடு எங்கள் இருவருக்கும் வசதியாகவே இருந்தது. உனக்கு அது அச்சகத்தை விலையாகக் கேட்கும் வரை.

இதற்காக எனக்குச் சமைத்துப்போட வந்துவிடாதே. உன் சமையல் எனக்குப் பிடிக்காது. அச்சகத்தை மூடாதே, வேலையைப் பார், நன்றாக இரு.

என் இடது மணிக்கட்டுத் தழும்பை நாய் கடித்தது என்றுதானே வீட்டில் எல்லோரும் நம்பினீர்கள்? தண்ணீரில் உன் பின்னலைப் பிடித்து இழுத்தபோது நீ கடித்தது அது.

உன் அக்கா