நாற்காலியில் வைத்த பை

இன்று மாலை பர் துபாயில் நாம் வழக்கமாக டீ குடிக்கும் கடையில், பக்கத்து மேசைக்காரர் கைபேசியையும் கார் சாவியையும் நாற்காலியில் வைத்து இடம்பிடித்துவிட்டுக் கை கழுவப் போனார். அவர் வரும்வரை என் கண் அவற்றைவிட்டு அகலவில்லை. திரும்பி வந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "க்யா பாய், குச் சாஹியே?" என்று, என்ன வேண்டும் என்பதுபோல் இந்தியில் கேட்டார். திருடன் என்று நினைத்திருப்பார். நினைக்கட்டும் என்று ஆறிப்போன டீயைக் குடித்தேன். எதிரே நீ இல்லை.

சில வருடங்களுக்கு முன் நாம் ரோமுக்குச் சுற்றுலா புறப்பட்டபோது நீ படுத்திய பாடு கொஞ்சமா? துணிக்கடையைப் பூட்டியதும் அந்த ஊர்த் திருடர்களைப் பற்றிய வீடியோ பார்க்க உட்கார்ந்துவிடுவாய். "பாஸ்போர்ட்ட ஒடம்போட வச்சிக்கணும் மச்சான். எவனாச்சும் கையெழுத்துப் போடுன்னு பேப்பர நீட்டுனா நிக்காத." பனியனுக்குள் தொங்கவிடக் கழுத்துப்பை ஒன்றும் தைத்துக்கொண்டாய். நான் விடுவேனா? "என்னடா, தாயத்தா?" என்று மூன்று நாள் கேலி செய்தேன். நாலாம் நாள் அதைக் கழற்றிவிட்டு, பாஸ்போர்ட்டை என் தோள்பையில் போட்டாய்.

அன்று ரோம் ரயில் நிலையத்துக்கு எதிரே ஒரு காப்பிக் கடை. "பையப் பாத்துக்க, இந்தா வந்துர்றேன்" என்று பாத்ரூம் போனாய். நான் பையை நாற்காலியில் வைத்து இடம்பிடித்துவிட்டு வரிசையில் போய் நின்றேன். இருபது வருடமாக துபாயில் செய்வதைத்தான் அங்கேயும் செய்தேன். திரும்பியபோது நாற்காலி மட்டும் இருந்தது. என் பாஸ்போர்ட் என் சட்டைப்பையில் பத்திரமாக இருந்தது.

அது வெள்ளிக்கிழமை. தூதரகம் இனி திங்கட்கிழமைதான் திறக்கும். சனிக்கிழமை காலை கீழக்கரையிலிருந்து உன் காக்கா, கூடப்பிறந்த மூத்தவர், கூப்பிட்டார். உம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். "ஒன் பேரையே சொல்லிக்கிட்டு கெடக்குறா. ஒடனே கெளம்பி வா."

"பாஸ்போர்ட் தொலஞ்சு போச்சு காக்கா. நாந்தான் கவனமில்லாம வச்சிட்டேன்" என்றாய். நான் வாயைத் திறந்தேன். நீ கையைக் காட்டி அடக்கினாய்.

ஞாயிற்றுக்கிழமை உம்மா மவுத்தானார். அன்றே அடக்கம். விடுதிக் கட்டிலில் நீ செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாய். காக்காவிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்றேன். "வேணாம் மச்சான். சொன்னா உம்மா எந்திரிச்சி வந்துருவாளா? காக்கா என்னத் திட்டுனா வீட்டோட போயிரும்" என்றாய்.

வீட்டோடு போகவில்லை. காக்கா அதற்குப் பிறகு உன்னிடம் பேசவே இல்லை. ஒவ்வொரு லீவுக்கும் அவர் வாசலில் நின்று சலாம் சொல்லிவிட்டுப் பதில் வராமல் திரும்பினாய். அதை என்னிடம் சொல்லும்போதுகூட உன் குரலில் குறை இருந்ததில்லை. ஒரு தடவையாவது என்னைத் திட்டியிருக்கலாம் நீ.

போன மாதம் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தாய். உன் மையத்துப் பெட்டியோடு நான்தான் ஊருக்குப் போனேன். மையவாடியில் காக்கா உனக்கு மூன்று பிடி மண் போட்டார். "எங்க உம்மாவுக்கு இவன் போடலியே" என்று என் தோளில் சாய்ந்து அழுதார். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். பயந்துவிட்டேன்.

வெள்ளிதோறும் ஜும்ஆ தொழுகை முடிந்ததும், சொல்லிவிடலாம் என்றுதான் அவருக்குப் போன் போடுகிறேன். இன்றும் போட்டேன்.

"என் தம்பி கவனங்கெட்ட பய. நீங்க கூட இருந்ததாலதான் இத்தன வருசம் அங்க ஓட்டுனான். அல்லா ஒங்கள நல்லா வைக்கணும்" என்றார்.

"ஆமா காக்கா" என்றேன்.