ஆந்தை வண்டிக்குக் கிடைத்த பெயர்

மாமா,

இன்று காலை பைபாஸ் பெட்ரோல் பங்கில் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க நின்றுகொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கார் வந்து நின்றது. வந்த சத்தமே கேட்கவில்லை. மின்சார வண்டியாம். கண்ணாடி இறங்கியதும் உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றோடு தோல் வாசனை வந்து முகத்தில் பட்டது. திரும்பிப் பார்த்தால் முகப்பில் ஆந்தை. நம் வண்டியில் உள்ளங்கை அகலம் இருந்தது, இதில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கிவிட்டது. ஆனால் அதே ஆந்தைதான்.

ஓட்டி வந்த பெண்ணுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். கொடைக்கானலுக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று கேட்டாள். கொடைரோடு வழியைச் சொல்லிவிட்டு, வாயை அடக்க முடியாமல் நானும் ஒன்று கேட்டேன். "ஆந்தை போட்ட வண்டியாச்சேம்மா, வீட்டுல பெரியவுக ஒண்ணும் சொல்லலையா?"

அவள் சிரித்தாள். "எங்க மாமியாருக்கு அது ஆந்தைன்னே தெரியாதுக்கா. கிளின்னு சொல்லி வச்சிருக்கோம்."

வண்டி போன பிறகும் அங்கேயே நின்று சிரித்துக்கொண்டிருந்தேன். காற்றடிக்கும் ஆள் ஒரு மாதிரியாகப் பார்த்தான். இந்தக் கிளி யோசனை நமக்கு அன்றைக்குத் தோன்றாமல் போயிற்றே மாமா. இதை உங்களிடம் சொல்லத்தான் உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்ததும் மற்றதெல்லாம் வருகிறது.

நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வருவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் அந்த வண்டியை வாங்கியிருந்தீர்கள். கொடைக்கானலில் ஒரு எஸ்டேட்காரர் குடும்பத்தோடு வெளிநாடு கிளம்பும்போது விற்றது. லாரி உதிரிபாகக் கடை வைத்திருக்கும் மனிதருக்கு இந்த ராஜா வண்டி எதற்கு என்று திண்டுக்கல்லில் உங்களைக் கேட்காதவர்கள் இல்லை. நீங்களோ ஞாயிற்றுக்கிழமையானால் பனியனோடு நின்று அதைத் துடைப்பீர்கள். கல்யாணம் முடிந்து, பழனிப் பக்கம் எங்கள் ஊர் கீரனூரிலிருந்து என்னை அதில்தான் அழைத்து வந்தீர்கள். பின்சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தபோது, புதுப்பெண்ணின் பதற்றத்தையும் மீறி, நம் வீட்டு ஹாலைவிட இது வசதியாக இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது. அதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

வண்டியோடு கம்பெனியின் வரலாற்றைச் சொல்லும் ஆங்கிலப் புத்தகம் ஒன்றும் வந்திருந்தது. கடையை மூடிவிட்டு வந்து, சாப்பாட்டுக்கு முன்னால், "தாயி, செத்த நேரம் வாசிச்சுச் சொல்லு" என்பீர்கள். புது வீட்டில் யாரிடம் என்ன பேசுவது என்று தெரியாமல் இருந்த எனக்கு அந்தப் புத்தகம்தான் கை கொடுத்தது. நான் ஒரு பத்தி ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்வேன். நீங்கள் கண்ணை மூடிக் கேட்பீர்கள்.

எப்போதும் மேகம் மூடியிருக்கும் ஏதோ ஓர் ஊரில், கடிகாரம் செய்துகொண்டிருந்த அண்ணன் தம்பி இருவர் ஆரம்பித்த கம்பெனி. கடிகாரத்தைப் போலவே கார் எஞ்சினும் ஓடுவது தெரியாமல் ஓட வேண்டும் என்று அவர்களுக்குப் பிடிவாதம். ஊர் அடங்கிய பிறகு முதல் வண்டியை ஓட்டிப் பார்த்தபோது, சாலையோர மரக்கிளையில் இருந்த ஆந்தை அசையவே இல்லையாம். அதைப் பார்த்த தம்பி, இதுதான் நம் முத்திரை என்று சொன்னானாம். நான் அந்த இடத்தைப் படித்ததும் நீங்கள் கண்ணைத் திறந்தீர்கள். "சரிதானே? சத்தமே இல்லாமப் பறக்கிற பறவை அது. தெரிஞ்சுதான்யா வச்சிருக்கான்" என்றீர்கள்.

அப்புறம் அரண்மனைகளுக்கு வண்டி போனது. போர் வந்ததும் அதே தொழிற்சாலையில் ஆம்புலன்ஸ் செய்தார்கள். காயம்பட்டவர்கள் அதில் தூங்கிக்கொண்டே வந்தார்கள் என்று எழுதியிருந்தது. பிறகு நொடித்துப்போய், வேறொரு கம்பெனி வாங்கி, அதுவும் கைமாறி, பெயர் மட்டும் பிழைத்தது. கம்பெனி விழுந்த பகுதியைப் படித்த அன்று நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அப்படி என்னத்த வாசிச்ச இவருகிட்ட?" என்று கேட்டார்கள்.

உலகம் முழுவதும் நல்ல பெயர் எடுத்த வண்டிக்கு நம் தெருவில் மட்டும் பெயர் எடுபடவில்லை. மீட்டரில் ஆந்தை, ஸ்டீயரிங்கில் ஆந்தை, முகப்பில் கம்பிகளுக்கு நடுவே பெரிய வெள்ளி ஆந்தை. காலையில் கோலம் போட வருகிறவர்கள் அந்த முகத்தில் விழித்துவிட்டு முணுமுணுப்பார்கள். அத்தைக்கும் உள்ளூரப் பயம்தான். ஆனாலும் உங்கள் ஆசையை எண்ணி வாயைத் திறக்கவில்லை.

அடுத்த ஆண்டு எனக்கு நாலாம் மாதத்தில் கரு கலைந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து நான் வீட்டுக்கு வந்ததும் பார்க்க வந்த உறவுக்காரர்கள் என்னைப் பார்த்தார்கள், பிறகு ஜன்னல் வழியாக வண்டியைப் பார்த்தார்கள். ஒருத்தி வெளிப்படையாகவே சொன்னாள். "அம்புட்டுப் பேரு சொன்னோம்ல? புதுப்பொண்ண ஆந்தை வண்டியில கூட்டியாந்தா எப்படித் தங்கும்?" நீங்கள் வாசற்படியில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தீர்கள். கேட்டும் கேட்காதது போலக் கடைக்குப் போய்விட்டீர்கள்.

அந்த வாரமே அத்தை, பைக் சீட்டு உறை தைக்கும் கடையில் சொல்லி, கெட்டியான கறுப்பு ரெக்சினில் வண்டி முகப்புக்கு ஒரு மூடி தைத்து வாங்கி வந்தார்கள். நான்கு பக்கமும் நாடா வைத்து இறுக்கிக் கட்டுகிற மாதிரி. ஆந்தையை மட்டும் மறைத்திருக்கலாம். தையல்காரர் முகப்பு முழுவதற்கும் சேர்த்துத் தைத்துவிட்டார். நீங்களும் அதைக் கட்டித்தான் வண்டியை எடுப்பீர்கள். ஆனால் தெருமுனை திரும்பியதும் வண்டியை நிறுத்தி மூடியைக் கழற்றுவீர்கள், வீடு திரும்பும்போது மறுபடி கட்டிவிடுவீர்கள். முக்குக் கடைக்குக் காய் வாங்கப் போனபோது ஒருமுறை நான் பார்த்துவிட்டேன். பள்ளிக்கூடத்துப் பையனைப் போல விரலை உதட்டில் வைத்துக்கொண்டீர்கள். அன்று சிரித்தோமே மாமா, அந்த மாதங்களில் அது ஒன்றுதான் சிரிப்பு.

ஆனால் அதற்குப் பிறகு ஒரு நாளும் அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுக்கவில்லை.

மறுபடி உண்டாகி, வளைகாப்பு முடிந்து கீரனூரில் அம்மா வீட்டில் இருந்தேன். சித்திரை வெயில். பழனிக்கு நேர்த்திக்கடன் செலுத்த வந்த அத்தை அப்படியே என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். அவர்கள் பஸ்ஸில்தான் வருவார்கள். அந்த வண்டியில் தூரம் போவதில்லை என்று வைராக்கியம். நீங்களும் என்னைப் பார்க்க, தெருமுனையிலேயே மூடியைக் கட்டிக்கொண்டு, தனியாக வண்டியில் வந்தீர்கள், வெயில் தாழக் கிளம்பலாம் என்று உட்கார்ந்தீர்கள். உச்சி நேரத்தில் எனக்கு வலி கண்டது. சொன்ன தேதிக்கு ரொம்பவும் முன்னால். திண்டுக்கல் டாக்டரம்மாவுக்குப் போன் போட்டால், "முந்தி ஒருக்கா கலைஞ்ச கேஸு. தாமதிக்காம நேரா இங்க கூட்டியாந்துருங்க" என்றார்கள். வாசலில் நின்றது அந்த ஒரு வண்டிதான்.

அத்தை ஒரு நொடி தயங்கினார்கள். பிறகு பின்கதவைத் திறந்து முதல் ஆளாக ஏறி, என் தலையை மடியில் வாங்கிக்கொண்டார்கள். அம்மா பையோடு முன்னால் உட்கார்ந்தார்கள். தெருமுனை வந்தது. வண்டி நிற்கவில்லை. நீங்கள் மூடியைக் கழற்றவில்லை.

அவசரத்தில் மறந்துவிட்டீர்கள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பழனி தாண்டும் வரை வலி வருவதும் போவதுமாக இருந்தது. புத்தகத்தில் சொன்னது பொய்யில்லை. குலுங்காமல்தான் போனது வண்டி. ஒட்டன்சத்திரம் நெருங்கும்போது தீய்ந்த வாடை வந்தது. முன்னால் வெள்ளையாக ஆவி கிளம்பியது. மார்க்கெட்டுக்கு அருகே, கேரளத்துக்குக் கிளம்பத் தயாராக நின்ற காய்கறி லாரிகளின் வரிசை ஓரமாக ஒதுக்கி நிறுத்தினீர்கள்.

"சூடாயிருச்சு" என்றீர்கள். குரல் உங்களுடையதாக இல்லை.

"சூடாகுமா இது? நிக்கவே நிக்காதும்பீகளே!" என்று அத்தை அலறினார்கள்.

நீங்கள் இறங்கி முன்னால் போனீர்கள். திறந்த கதவு வழியாக நான் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்கள் கை அந்தக் கறுப்பு மூடியின் மேல் போய் நின்றது. காற்று நுழைய வழியில்லாமல் எஞ்சின் வெந்துகொண்டிருக்கிறது என்று வாழ்நாள் முழுக்க வண்டிகளோடு கிடந்த உங்களுக்குத் தெரியாதா? ஆனாலும் கை நாடாவை அவிழ்க்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தீர்கள். பிறகு அத்தையைப் பார்த்து, "கழட்டட்டுமா?" என்று கேட்டீர்கள்.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. நீங்கள் மறக்கவில்லை. எதற்கும் அஞ்சாத நீங்கள், உள்ளே நான் படுத்திருக்கிறேன் என்பதற்காக அந்த ஆந்தைக்கு அஞ்சினீர்கள். ஊர் சொன்னது உண்மையாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்று அஞ்சினீர்கள்.

அத்தை என் தலையை மெல்ல சீட்டில் வைத்தார்கள். இறங்கி ஓடினார்கள். முடிச்சு அவிழவில்லை. நாடாவைப் பல்லால் கடித்து இழுத்து, மூடியைப் பிய்த்து வீசினார்கள். "மூஞ்சிய மூடிட்டா அதுவும் எப்படித்தான் மூச்சு விடும்!" என்று கத்தினார்கள். உங்களைத் திட்டினார்களா, தங்களையே திட்டிக்கொண்டார்களா என்று தெரியவில்லை.

லாரியில் தக்காளிப் பெட்டி ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். உள்ளே எட்டிப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. "ஏனுங்க, பிரசவத்துக்குங்களா? பயப்படாதீங்க, தண்ணி கொண்டாரேன்" என்று ஓடிப்போய்க் குடம் குடமாகக் கொண்டுவந்து வைத்தார். நீங்கள் எஞ்சின் ஆறக் காத்திருந்தீர்கள். ஒவ்வொரு முறை நான் முனகும்போதும் அத்தை, "ஆறிருச்சா? ஆறிருச்சா?" என்று கேட்டார்கள். ஒருவழியாகத் தண்ணீர் ஊற்றிச் சாவியைத் திருப்பினீர்கள். எஞ்சின் எடுத்துக்கொண்டதை, அத்தை "முருகா" என்று விட்ட மூச்சிலிருந்துதான் தெரிந்துகொண்டேன். அதற்கு அப்புறம் வண்டி எங்கும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரி வாசலில் உங்கள் மகன் காத்திருந்தார். பொழுது சாய்வதற்குள் உங்கள் பேத்தி பிறந்துவிட்டாள். எடை குறைவுதான், அழுகை மட்டும் குறைவில்லாமல் இருந்தது.

டாக்டரம்மா என்னைப் பார்க்க வந்தபோது நீங்கள் எல்லோரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தீர்கள். குழந்தையைப் பற்றித்தான் கேட்கப் போகிறீர்கள் என்று நினைத்தேன். நீங்கள் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, "டாக்டரம்மா, போன தடவை கலைஞ்சது... கலியாணத்தப்ப இந்த வண்டியிலதான் நான் இவளக் கூட்டியாந்தேன். அதனால எதுவும்..." என்று இழுத்தீர்கள்.

அவர்களுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் கையில் இருந்ததைக் கீழே வைத்துவிட்டு உங்களை நேராகப் பார்த்தார்கள். "ஐயா, நாலு மாசத்துல கலையிறது எத்தனையோ பேருக்கு நடக்கும். வண்டியாலயும் இல்ல, இந்தப் பொண்ணாலயும் இல்ல, உங்களாலயும் இல்ல. இத்தனை நாளா இதையா மனசுல வச்சிருந்தீங்க?"

நீங்கள் வெளியே போனீர்கள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதீர்கள் என்று உங்கள் மகன் பிறகு சொன்னார். திரும்பி வந்தபோது உங்கள் முகம், பாரமான மூட்டையைத் தோளிலிருந்து இறக்கியவரின் முகம் போல இருந்தது. அன்றுவரை அந்த இழப்பை என்னுடையது என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்களும் அதைச் சுமந்துகொண்டுதான் கடைக்குப் போய் வந்திருக்கிறீர்கள்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. குறை மாதக் குழந்தையைத் தாயோடு பத்திரமாகக் கொண்டுசேர்த்த வண்டி என்று ஊரெல்லாம் பேச்சு பரவியது. தெருவில் யாருக்கு வலி வந்தாலும், "அண்ணே, ஆந்தை வண்டிய எடுங்க" என்று வந்து நின்றார்கள். ராசியில்லை என்று சொன்ன அதே உறவுக்காரி தன் மகள் பிரசவத்துக்கு முதல் ஆளாக வந்தாள். நீங்கள் முகம் கோணாமல் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். அவர்களை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்து என்னிடம் சொன்னீர்கள்: "அந்த அண்ணன் தம்பி ஆயுசு பூரா வேலை செஞ்சு சம்பாதிச்ச பேரு, நம்ம தெருவுல ஒரே நாள்ல போச்சு, ஒரே நாள்ல வந்துச்சு. ரெண்டுலயும் வண்டி ஒண்ணும் பண்ணல தாயி."

அன்று சாயங்காலம் புத்தகத்தை எடுத்து வந்து என் கையில் கொடுத்தீர்கள். ஆம்புலன்ஸ் செய்த இடத்திலிருந்து மறுபடி படிக்கச் சொன்னீர்கள். குழந்தை உங்கள் மடியில் தூங்கியது.

கடைசியில் உதிரிபாகங்கள் கிடைக்காமல் போய், பழைய வண்டிகளைச் சேர்த்துப் பராமரிக்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவருக்கு அதைக் கொடுத்தபோது நீங்கள் வருந்தவில்லை. "நல்லாப் பாத்துக்குவான்" என்றதோடு சரி. நீங்கள் எங்களை விட்டுப் போனதும் அப்படித்தான், யாருக்கும் சிரமம் கொடுக்காமல். பேத்தி வேலைக்குச் சேர்ந்து முதல் நாள் போய்வந்ததைக் கேட்டுவிட்டு, அந்த வாரத்திலேயே.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் பெண்ணுக்குப் போன மாதம் கரு கலைந்துவிட்டது. பார்க்கப் போயிருந்தேன். வீடு நிறைய ஆட்கள். மாடிப்படி ஏறியதால்தான் என்றார் ஒருவர், பப்பாளி என்றார் இன்னொருவர். அந்தப் பெண் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் வழக்கமாகக் கூட்டத்தில் பேசுகிறவள் இல்லை. அன்று எழுந்து நின்று, டாக்டரம்மா உங்களிடம் சொன்னதை அப்படியே, அந்த வீட்டில் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். இவளாலும் இல்லை, வேறு யாராலும் இல்லை என்றேன்.

அவள் திரும்பி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்காகத்தான் சொன்னேன். ஆனால் கதவோரம் தரையைப் பார்த்தபடி நின்றிருந்த அவளுடைய மாமனார் தலையை நிமிர்த்தி, "நெசமாவாம்மா?" என்று கேட்டார்.

"நெசமாத்தான் ஐயா" என்றேன். அவர் மெல்லப் போய் ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.