நிலாப் பார்க்க நின்ற வரிசை

அக்கா,

நேற்று அந்தியில் பாலிங் திடலில் வானியல் சங்கத்துப் பிள்ளைகள் தொலைநோக்கி வைத்திருந்தார்கள். "வாங்கம்மா, நிலாவைப் பாருங்க, ஃப்ரீதான் லா" என்று ஒருவன் கூப்பிட்டான். குனிந்தேன். குளிர்ந்த வளையம் கண்ணில் பட்டதும் உன் நினைப்பு வந்துவிட்டது.

நம் ரப்பர் தோட்டத்துத் துரை பங்களாவில் நீ ஆயாவாக இருந்தாய். ஜப்பான்காரன் வருகிறான் என்று துரை குடும்பம் போட்டுவிட்டு ஓடிய தொலைநோக்கியை, நாம் குடியிருந்த லயத்துக்குத் தூக்கி வந்தவள் நீதான். பால்வெட்டு நின்றுபோய், மரவள்ளிக்கிழங்கே சாப்பாடாகிவிட்ட காலம். பொழுது சாய்ந்ததும் திடலில் அதை நிறுத்துவாய். அடுத்த வீட்டுக்காரி நான் முக்காலியைப் பிடித்துக்கொள்வேன். வேலையில்லாத சனம் வரிசையில் நிற்கும். "ஏய், நெலாவுக்கு அம்மை போட்டிருக்குடா!" என்று உன் தம்பி கத்த, பசியை மறந்து எல்லாரும் சிரித்தோம். 'நிலாச் சங்கம்' என்று நீ பேர் வைத்தாய்.

ஒருநாள் ஜப்பான் அதிகாரி ஒருவன், தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியோடு வந்து நின்றான். உளவு பார்க்கிறோம் என்று தலையை வெட்டப்போகிறான் என்றே நினைத்தேன். அவனோ குனிந்து வெகுநேரம் நிலாவைப் பார்த்தான். சிரித்தான்.

கிராணி சொன்னார்: "பௌர்ணமிக்குப் பெரிசா நடத்தச் சொல்றாரு. பக்கத்துத் தோட்டத்து ஆளுங்களும் வரணுமாம். எல்லாருக்கும் அரிசிச் சோறு போடுவாராம்."

அரிசிச் சோறு! வீடு வீடாகப் போனோம். தயங்கியவர்களையும் நீ கையைப் பிடித்து, "ஒரு வாய் சோறாவது தின்னுட்டுப் போங்க" என்று அழைத்தாய்.

பால்மரங்களுக்கு மேலே நிலா எழும்பியபோது வரிசை திடலைச் சுற்றி வளைந்திருந்தது. உன் தம்பி கண்ணை வைத்துக் குனிந்திருந்தான். அப்போதுதான் லாரிகள் வந்தன. சிப்பாய்கள் நாலு பக்கமும் துப்பாக்கியோடு நின்றார்கள். என்ன நடக்கிறதென்று யாருக்கும் விளங்கவில்லை. ஆண்களை மட்டும் பிரித்து ஏற்றினார்கள்.

"சயாமுக்கு, ரயில் ரோடு போட" என்றார் கிராணி, தலையைத் தூக்காமல்.

உன் தம்பியைப் பிடரியில் பிடித்து இழுத்தார்கள். தொலைநோக்கி சாய்ந்து விழுந்தது. நான் உன் சேலையைப் பற்றிக்கொண்டேன்.

நீ லாரியை நோக்கி நடந்தாய். "பொம்பளைங்க வேணாம், போம்மா" என்று கிராணி மறித்தார்.

"நான் கூப்பிட்டுத்தானே வந்தாங்க? அவங்களை அனுப்பிட்டு நான் எந்த மூஞ்சியோட லயத்துல இருப்பேன்?"

உன் சேலையைப் பற்றியிருந்த என் விரல்களைப் பிரித்தாய். "பிள்ளைங்களுக்குச் சோத்தைப் போடு" என்று சொல்லிவிட்டு ஏறினாய்.

சோறு நிஜமாகவே அண்டாக்களில் இருந்தது, அக்கா. இன்னும் சூடு ஆறவில்லை. அழுதுகொண்டே பிள்ளைகளுக்கு அள்ளிப் போட்டோம்.

சண்டை முடிந்தபின் உன் தம்பி எலும்பும் தோலுமாகத் திரும்பினான். சயாமில் காலராக் கொட்டகையில் நம் ஆட்களுக்கு வெந்நீர் கொடுத்துக்கொண்டே இருந்து, கடைசியில் நீயும் அங்கேயே படுத்து, கண்ணை மூடிவிட்டாயாம்.

"அக்காவை ஒருத்தர்கூட குத்தம் சொல்லல" என்றான்.

அதை யாராவது உன்னிடம் சொன்னார்களா? அவனிடம் கேட்க நினைத்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் கேட்கவில்லை. பிறகு அவனும் செத்துப்போய்விட்டான். இத்தனை வருஷமாக அந்த ஒரு கேள்விதான் எனக்குள் ஆறாமல் கிடக்கிறது.