தேடலில் முதலில் வரும் உன் பெயர்

கீழே மண்டியில் மிளகாய் மூட்டையைப் பிரித்திருக்கிறார்கள். நெடி படியேறி நம் அறைக்குள் வந்துவிட்டது. செவ்வாய்ப்பேட்டைக்கு வந்த புதிதில் நீ தும்மித் தும்மி, "கம்ப்யூட்டர்ல கோடு எழுதறதா, மூக்கத் தொடைக்கறதா?" என்பாய். இன்று நான் தும்மிக்கொண்டிருந்தபோதுதான் அந்த அழைப்பு வந்தது.

நம் ரத்தக்கொடைச் செயலியின் உதவி எண்ணில் யாரோ ஓர் இளைஞன். மனைவிக்குப் பிரசவம், பி நெகட்டிவ் ரத்தம் வேண்டும். "அக்கா, உங்க ஆப்புல மொதல்ல வந்த நம்பருக்குக் கூப்புட்டனுங்க. ஒரு பெரியவர் எடுத்து, அந்தப் புள்ள இப்ப இல்லீங்கன்னு அழுவறாருங்க. நான் என்ன பண்றதுங்க?"

உன் போன் இப்போது உன் அப்பாவிடம் இருக்கிறது. உன் பெயரைக் கொடையாளர்களிலிருந்து எடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அடுத்த பெயருக்கு நானே பேசி, ராசிபுரத்துக்காரர் ஒருவரைக் கிளப்பிவிட்டேன். அதன் பிறகு உட்கார முடியவில்லை. ஜன்னலைத் திறக்கிறேன், மூடுகிறேன்.

இதே பதைப்பு முன்பும் ஒருமுறை வந்தது. ரத்தச் செயலியை நாம் தொடங்கியிருந்த சமயம். கொடையாளர் விவரமெல்லாம் கிளவுடில், அதாவது இணையச் சேமிப்பகத்தில், பட்டியல் போன்ற ஒரு கலெக்‌ஷனில் இருந்தது. அதில் ஒரு பெயரைத் தேடவோ சேர்க்கவோ நீக்கவோ ஜாவாஸ்கிரிப்டில் பத்து வரி வேண்டும். அதையே எல்லாப் பக்கங்களிலும் ஒட்டி வைத்திருந்தோம். மகன் விபத்தில் அடிபட்டுக் கிடக்கிறான் என்று ஜேடர்பாளையத்து அம்மா ஒருவர் கூப்பிட்டார். "ஒருத்தருமே இல்லைன்னு காட்டுதுங்களே!"

நாமகிரிப்பேட்டை முகாமில் அத்தனை பேர் பதிந்தார்களே என்று நீ கிளவுடைத் திறந்து பார்த்தாய். ஏதோ ஒரு பக்கத்தில் கலெக்‌ஷன் பெயரில் ஓர் எழுத்து பிசகியிருந்தது. கிளவுட் ஒரு கேள்வியும் கேட்காமல் அந்தப் பிழைப் பெயரிலேயே புதிதாக ஒன்றைத் திறந்து, முகாமில் சேர்ந்தவர்களை எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தது. தேடல் அந்தப் பக்கமே போகவில்லை. கண்ணில் பட்ட எண்களுக்கெல்லாம் கூப்பிட்டாய். ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். பையன் பிழைத்தான்.

உனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. எல்லாவற்றையும் ஒரே கோப்பில் கொண்டுவந்து தேடு, சேர், நீக்கு என்று பெயரைச் சொன்னால் வேலையை முடிக்கும் சின்னச் சின்ன ஃபங்ஷன்களாக எழுதத் தொடங்கினாய். "இப்பத்தான் சரியாயிடுச்சே" என்று நான் முனகினேன்.

"பட்டியல் பேரு ஒரே எடத்துல இருக்கோணும் சாமி. மத்ததெல்லாம் அதக் கூப்புட்டாப் போதும். பதட்டத்துல இருக்கறவளுக்கும் ஒரே வரியில வேல முடியோணும்."

அதை முடித்த சில வாரங்களில் காய்ச்சல் என்று ஊருக்குக் கிளம்பினாய். பேருந்தில் ஏறும்போது "வாரேன்" என்றாய். வரவில்லை.

ஜன்னலைத் திறந்து மூடியது போதும் என்று உன் அப்பாவைக் கூப்பிட்டேன். "அவ பேர எடுத்துடறனுங்க அப்பா."

"எதுக்குச் சாமி? இருக்கட்டுமே. எடுத்துப் பேசறப்ப அழுவாச்சிதான் வருது. ஆனாலும் யாராச்சும் அவ பேரச் சொல்லிக் கேக்கறாங்கல்ல."

"ரத்தத்துக்கு அலையறவங்களுக்கு நேரம் போகுதுங்க அப்பா."

"அப்ப எடுத்துடு சாமி" என்றார்.

நீ எழுதி வைத்த ‘நீக்கு’, ஒரே வரி; அடித்தேன். பழைய பத்து வரியாக இருந்திருந்தால் எங்காவது தடுக்கி, நாளைக்குப் பார்க்கலாம் என்று எழுந்திருப்பேன். நீ அதற்கு இடம் வைக்கவில்லை. மறுபடி தேடினேன். ராசிபுரத்துக்காரர் முதலில் வந்தார்.

சாயங்காலம் அந்த இளைஞன் பேசினான். பெண் குழந்தை, தாயும் நலம். யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யோசிப்பதற்குள் விரல் உன் எண்ணை அழுத்திவிட்டது.

"ஏனுங்க, யாருக்குங்க ரத்தம் வேணும்?" என்றபடியே எடுத்தார் அப்பா.

"நாந்தானுங்க அப்பா. யாருக்கும் வேண்டாங்க. சும்மா பேசலாம்னு."

நாளைக்கும் கூப்பிட வேண்டும். இனி அந்த எண்ணை வேறு யாரும் கூப்பிடப்போவதில்லை.