ஆளுநரின் முகம்

சனிக்கிழமை, ஸ்ட்ராத்ஃபீல்ட், சிட்னி

கோபம் இன்னும் அடங்கவில்லை. நான் தமிழாக்கிய உக்ரேனியக் கவிதை நாடகத்துக்கு இன்று தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒத்திகை. அதில், தேவாலயச் சுவரில் கடவுளின் உருவத்துக்கு ஆளுநரின் முகத்தை வைத்து வரைய மறுத்து, ஓவியன் சிறைக்குப் போகிறான்.

சங்கத் தலைவர் பாதியில் எழுந்தார். "கடைசியில அவன் வரைஞ்சு குடுக்கட்டும். மினிஸ்டர் வாறார், சனம் சந்தோஷமாப் போகவேணும்."

"வரையிறது அவனுக்குக் கும்பிடுற மாதிரி. அதை விக்கச் சொல்லுறீங்களோ?" என்று கத்தினேன்.

"அப்ப உங்கட நாடகத்துக்கு இந்த ஹோல் இல்லை," என்றார்.

ஓவியனாக நடிக்கும் சுதன் அகதியாகப் படகில் வந்தவன், இன்னும் தற்காலிக விசாவில் இருக்கிறான். பயந்து ஒதுங்குவான் என்று நினைத்தேன். "அண்ணை, அவன் வரையமாட்டான் எண்டதாலதான் நான் நடிக்க வந்தனான்," என்றான்.

இருவரும் வெளியேறினோம். இனி நாடகம் என் கராஜில்தான். மினிஸ்டர் வேண்டுமானால் அங்கே வந்து பார்க்கட்டும். அவர் உட்காரவென்று தனிக் கதிரை போடமாட்டேன்.