எனக்கென்று நீங்கள் வைத்திருந்த கப்

அக்கா,

உங்கள் மகள் சோபி போன கிழமை வந்திருந்தாள். வந்தாள் என்றால் வாசற்படி வரைக்கும்தான். இந்தப் புதுத் தொற்று வருத்தம் தொடங்கிய நாளிலிருந்து யாரும் யாருடைய வீட்டுக்குள்ளும் கால் வைப்பதில்லை. மார்க்கம் நகரத்துக் கடையொன்றில் மாவும் பருப்பும் கிடைத்தனவாம். ஒரு பையில் போட்டுக் கொண்டுவந்து படியில் வைத்துவிட்டு, ஓடிப்போய்க் காரடியில் நின்றுகொண்டாள். பையின் அடியில், பழைய துவாயொன்றில் சுற்றி, உங்கள் வீட்டு நீலக் கப் இருந்தது.

"அம்மான்ரை கபேட் துப்புரவாக்கேக்கை கண்டனான். உங்கடை கப் தானே மாமா, அதுதான் கொண்டந்தன்," என்றாள்.

நான் அழுதுவிட்டேன் அக்கா. உங்கள் செத்தவீட்டில் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மரம் மாதிரி நின்றவன், அந்தக் கப்பைக் கையில் எடுத்ததும் வாசலில் நின்று சின்னப்பிள்ளை போல அழுதேன். அவ்வளவு பெரிய மடையன் நான். அதற்குப் பிறகு அவள் சொன்னதைக் கேட்கும்வரை எனக்கு அது தெரியாது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் இந்த ஊரில் வந்து இறங்கியபோது, ஸ்காபரோவில் உங்கள் அப்பார்ட்மென்ற்தான் எனக்குத் தெரிந்த ஒரே முகவரி. இரண்டு அறை. ஒன்றில் நீங்களும் அத்தானும், மற்றதில் பிள்ளைகள், ஹோலில் நான். பெட்டி அடைக்கும் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் பனிக்காலத்திலேயே இருமல் பிடித்தது. குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நீங்கள் கொத்தமல்லி அவித்துத் தந்தீர்கள். ஒருநாள் இருமித் துடைத்த கைலேஞ்சியில் இரத்தம் கண்டபோது, கொத்தமல்லியால் தீராது என்று இரண்டு பேருக்கும் விளங்கிவிட்டது.

சயரோகம். அந்தச் சொல்லை நீங்கள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. "தம்பிக்கு நெஞ்சிலை சளி" என்றுதான் ரெலிபோனில் எல்லோருக்கும் சொன்னீர்கள். எல்லோருக்கும் எப்படியோ தெரிந்துவிட்டது. என்னோடு வேலை செய்த ஊர்ப் பெடியன்கள் ஒருத்தர்கூட ஆஸ்பத்திரிப் பக்கம் வரவில்லை. நீங்கள் வந்தீர்கள். அந்தப் பனிக்குள் இரண்டு பஸ் மாறி, சோறும் இரசமும் கட்டிக்கொண்டு, முகத்துக்கு மாஸ்க் போட்டுக்கொண்டு என் கட்டிலடியில் வந்து இருந்தீர்கள். "சாப்பிடு. சாப்பிட்டாத்தான் மருந்து வேலை செய்யும்," என்பீர்கள். இதை நான் எடுத்தெறிய மாட்டேன். எறிய முடிந்தால் இந்தக் கடிதம் எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று பிள்ளைகளை ஹோலில் படுக்கவைத்து, அவர்களின் அறையை எனக்குத் தந்தீர்கள். புதுத் தலையணை, புதுப் போர்வை, மேசையில் புது நீலக் கப். அதில் தேத்தண்ணீர் ஊற்றித் தந்துகொண்டு சொன்னீர்கள்: "நீ இந்த வீட்டுப் பிள்ளை. உனக்கெண்டு ஒண்டு வேண்டாமே?"

நான் மருந்துக் குளிசை விழுங்குவதைப் பார்க்கவென்று ஒரு நேர்ஸ் வீட்டுக்கு வருவாள், நினைவிருக்கிறதா? வாயைத் திறக்கச் சொல்லி நாக்கின் அடியையும் பார்ப்பாள். களவு பிடிக்க வந்தவள் மாதிரி என்று நாங்கள் பகிடி பண்ணிச் சிரிப்போம். ஒருநாள் அவள் உங்களை நேரே பார்த்துச் சொன்னாள்: இவருடைய இருமலால் இனித் தொற்றாது, தட்டாலும் கப்பாலும் இந்த நோய் எப்போதுமே தொற்றாது, எதையும் பிரித்து வைக்கத் தேவையில்லை. என்னுடைய அரைகுறை ஆங்கிலத்தில் நான்தான் அதை உங்களுக்குத் தமிழில் சொன்னேன். நீங்கள் சிரித்தீர்கள்.

"உது எனக்குத் தெரியாதே? இவனை ஆர் பிரிச்சு வைச்சது? எண்டு அவவிட்டைக் கேள்," என்றீர்கள்.

நானும் வலு பெருமையாக அதை நேர்ஸுக்குச் சொன்னேன்.

சுகமாகி, தனியே வாடகைக்குப் பேஸ்மென்ற் அறை எடுத்துப் போன பிறகும் ஞாயிற்றுக்கிழமைகளில் உங்களிடம் வந்துவிடுவேன். கப் காத்திருக்கும். ஒருமுறை யாரோ விருந்தாளி அதை எடுக்கப் போக, நீங்கள் பாய்ந்து வந்து வாங்கிவிட்டீர்கள். "அது தம்பியின்ரை," என்றீர்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. எத்தனை பேரிடம் இந்தக் கதையைச் சொல்லியிருப்பேன். இந்த நாட்டில் எனக்குச் சொந்தமாக ஒரு கதிரைகூட இல்லாத காலத்திலும் அக்கா வீட்டில் எனக்கென்று ஒரு கப் இருந்தது என்று, கல்யாணம் கட்டிய புதிதில் மனைவிக்கு வகுப்பே எடுத்தேன். தன் வீட்டு மனிதரை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று என் அக்காவிடம் போய்ப் படியும் என்று சொன்னேன். அவள் எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

இதையெல்லாம் போன கிழமை வாசலில் நின்று சோபிக்கும் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உன்ரை அம்மாவைப் போல ஒருத்தி பிறக்க மாட்டாள்," என்றேன். அவள் காரடியில் நின்றபடியே தலையாட்டினாள்.

"ஓம் மாமா. அம்மா அப்பவே வெரி கேர்ஃபுல். இப்ப நாங்கள் செய்யிறதெல்லாம் அம்மா அப்பவே செய்தவ. உங்கடை கப்புக்குத் தனி ஸ்பொஞ்ச். சிங்குக்குக் கீழை ஒரு மஞ்சள் ஸ்பொஞ்ச் இருக்கும். வேறை ஒண்டையும் அதாலை தொடக்கூடாது. நீங்கள் போனாப் பிறகு கொதிதண்ணி ஊத்திக் கழுவிக் கவிட்டு வைக்கிறது என்ரை வேலை."

"எவ்வளவு காலம்?"

"எப்பவும்தான். ஸ்ரௌவ்வில் ரவுணிலை புது வீடு வாங்கின பிறகும்தானே." என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "மாமா, உங்களுக்குத் தெரியும் எண்டெல்லோ நினைச்சன்."

அவள் போன பிறகு படியிலேயே இருந்தேன். உங்களோடு இருந்த நாட்கள் ஒவ்வொன்றாக வந்து தங்கள் மறுபக்கத்தைக் காட்டிக்கொண்டு போயின. பிறந்தநாள்களில் எனக்கு மட்டும் முதலிலேயே கேக் வெட்டிப் பேப்பர்த் தட்டில் தந்தது. என் மடியில் ஏறப்போன சின்னவனை, "மாமாக்குக் களைப்பு, இறங்கு," என்று தூக்கிக்கொண்டு போனது. நான் படுத்து எழும்பிய போர்வை அன்றே லோன்றிக்குத் துவைக்கப் போனது. இவை எல்லாம் என்னிடம் பாசம் என்று பத்திரமாக இருந்தவை அக்கா. வேலை போன நாளிலும், ஊரில் அம்மா செத்ததற்குப் போக முடியாமல் அறைக்குள் கிடந்த நாளிலும் இவற்றை நினைத்துத்தான் எழும்பி நடந்தேன்.

மனைவியிடம் சொன்னேன். அவள் திடுக்கிடவே இல்லை.

"எனக்கு முதல் நாளே விளங்கினது. எனக்கு ரீயைப் பேப்பர் கப்பிலை தந்தவ. நீங்கள் குடிச்ச கப்பை ரெண்டு விரலாலை தூக்கிக்கொண்டு போனவ."

"பிறகேன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னால் நீங்கள் தாங்கமாட்டியள். அவ பாவம், பயந்திருப்பா. விடுங்கோ."

அத்தானுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குத் தெரியும். புதிதாகக் கல்யாணம் கட்டி வந்தவளுக்குக்கூட ஒரு தேத்தண்ணீர் குடிக்கிற நேரத்தில் விளங்கிவிட்டது. அந்தக் கப்பைப் பற்றி ஊரெல்லாம் பெருமையாய்ப் புளுகித் திரிந்தவன் ஒருத்தனுக்குத்தான் தெரியாது. நீங்கள் பயந்தது எனக்கு வலிக்கவில்லை. சின்னப் பிள்ளைகளை வைத்திருந்தவர் நீங்கள். நேர்ஸ் ஆயிரம் சொல்லட்டும், பயம் சொல்வழி கேட்குமா? ஆனால் அந்தப் பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்து என் கையில் தந்தீர்கள். நான் அதை நம்பினேன். அதுதான் ஆறவில்லை.

என் மனைவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்வது உங்களுக்குத் தெரியும். இப்போதெல்லாம் கராஜ் வழியாக உள்ளே வந்து, உடுப்பு மாற்றிக் குளித்த பிறகுதான் மேலே வருவாள். முந்தாநாள் வந்ததும், "வேலையிலை எங்கடை மாடியிலை ஒராளுக்கு இண்டைக்குக் காய்ச்சல்," என்றாள். சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள். நான் குசினியில் நின்றேன். என் கை தன்பாட்டில் கபேட்டைத் திறந்து, அவளுடைய தட்டையும் கிளாசையும் மற்றவற்றிலிருந்து ஒதுக்கிக்கொண்டிருந்தது. உங்கள் கை போலவே, சத்தமில்லாமல், வலு கவனமாக. எனக்கு உடம்பு கூசிவிட்டது.

அவள் குளித்து வரும்வரை படியடியில் நின்று, நேரே சொன்னேன்.

"இஞ்சாரும், எனக்குப் பயமாக் கிடக்கு. என்ரை நெஞ்சு ஏற்கெனவே பழுது. கொஞ்ச நாளைக்குக் கீழை பேஸ்மென்றிலை படும். சாப்பாட்டை நான் படியிலை கொண்டுவந்து வைக்கிறன்."

ஈரத்தலையோடு என்னைப் பார்த்தாள். "நானே கேக்க இருந்தனான்," என்றாள். பிறகு, "கீழை குளிர், ஹீற்றரைக் கொண்டந்து வையுங்கோ," என்றாள். அவ்வளவுதான். இப்போது நான் மேற்படியில், அவள் கீழ்ப்படியில் இருந்து சாப்பிடுகிறோம். உப்புக் கூடிவிட்டது என்று கீழேயிருந்து சத்தம் போடுகிறாள்.

அந்த ஒரு வசனம் அக்கா. எனக்குப் பயமாக இருக்கிறது தம்பி, என்று அந்தக் காலத்தில் ஒருநாள் என் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். நான் கோபக்காரன், உங்களுக்குத் தெரியும். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஒன்றிரண்டு ஞாயிறு வராமல் இருந்திருப்பேன். அதற்குப் பிறகு, என் கப்பை நானே ஜக்கெற் பொக்கற்றில் போட்டுக்கொண்டு வந்து உங்கள் கதவைத் தட்டியிருப்பேன். எனக்கு இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்?