அறுபத்து நான்காவது பெயர்

3 நவம்பர் 2025, திங்கள்
சுங்கைப் பட்டாணி, மலேசியா. மழை. கணினியில் என் கணக்கு ஒருவழியாக ஓடி முடிந்தது. விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடப்பவர்களுக்கு எங்கள் காப்புறுதி நிறுவனம் இன்னும் முப்பது, நாற்பது வருடம் மாதாமாதம் பராமரிப்புத் தொகை தர வேண்டும். அதற்கு இன்றைக்கே எவ்வளவு மூலதனம் வைத்திருக்க வேண்டும்? அதுதான் என் வேலை. பட்டியலில் இரண்டு தடவை வந்திருந்த ஒரு பெயரை நீக்கினேன். மொத்தம் அறுபத்து மூன்று பேர். கொஞ்சம் கர்வம்கூட.

4 நவம்பர்
இழப்பீட்டுப் பிரிவு ஹெர்பர்ட் அண்ணன் என் பட்டியலைப் பார்த்ததும் கேட்டார்: "யாரும்மா செத்தா?"

யாரும் இல்லையே என்றேன்.

"வருஷா வருஷம் தீபாவளிக்கு அறுபத்து நாலு பேருக்குப் போன் போடுறேன்லா. போன மாசம் எல்லாரும் பேசுனாங்களே!"

நீக்கிய பெயரைச் சொன்னேன். காளிதாசன், தகப்பன் ராமையா, பாலிங் பக்க எஸ்டேட்; இரண்டு வரியிலும் ஒரே வயது, ஒரே லோரி விபத்து. எனக்கு வந்த பட்டியலில் ஐசி, அதாவது அடையாள அட்டை எண் கிடையாது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"அது ரெண்டு ஆளும்மா! அங்க காளியம்மனுக்கு வேண்டிப் பொறந்தா எல்லாரும் காளிதாசன்தான். அப்பாமாருக்கும் ஒரே பேரு. பெரிய காளி, சின்ன காளின்னுதான் சொல்லுவோம்."

என் சொந்தச் சித்தப்பா பெயரே காளிதாசன். அதே வேண்டுதல். ஷாமளா, நீயெல்லாம் எதுக்குடி படிச்ச? ஜனவரியிலிருந்து இந்தப் பட்டியல்படிதான் பணம் போகும் — ஒரு மனுஷனையே அழிச்சிட்டேனே.

5 நவம்பர்
சேர்த்துவிட்டேன். மூலதனத் தேவை கூடிவிட்டது என்று தலைமையகம் முனகுகிறது. முனகட்டும்.

8 நவம்பர், சனி
ஹெர்பர்ட் அண்ணன் காரில் பாலிங் போனோம். நான் நீக்கியது சின்ன காளியை. வயது முப்பத்தெட்டு, பத்தொன்பதில் முதுகெலும்பு முறிந்தவர். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவருடைய அம்மா மருதம்மாள் மைலோ கலக்கிக் கொடுத்தார். "பரவால்லலா. பெரிய காளியோட மருந்தே ரெண்டு தடவ இங்க வந்துருச்சு."

சின்ன காளி கேட்டார்: "உங்க கணக்குல எனக்கு எத்தன வயசு வரைக்கும் போட்டிருக்கீங்க?"

"எழுபத்து நாலு."

"மா, கேட்டியா? இன்னும் முப்பத்தாறு வருஷம்!"

திரும்பும் வழியில் ஹெர்பர்ட் அண்ணனுக்கு நன்றி சொன்னேன். அழுகை வந்துவிட்டது. அவர் ரேடியோவைச் சத்தமாக வைத்தார். நல்ல மனுஷன்.

9 டிசம்பர், செவ்வாய்
தலைமையகத்தில் கணக்கை அப்படியே ஏற்றுக்கொண்டார்கள். அறுபத்து நான்கு பேர்.

மதியம் பாலிங்கிலிருந்து போன். "தங்கச்சி, இன்னிக்கு எனக்கு முப்பத்தொம்போது ஆயிருச்சு. இன்னும் முப்பத்தஞ்சு பாக்கி. கணக்கு சரியா?"

சரி என்றேன். அப்புறம் சொன்னேன்: "கூடவும் இருக்கலாம், அண்ணே."